ரீட்டாவுக்கு மூன்று முறை பூசினேன்

என் தங்கையின் சன்ஸ்கிரீனைத் திருடிப் பூசிக்கொண்டவள் நான். தீர்ந்துபோன அந்தப் பாட்டிலில் வேறொன்றை ஊற்றி வைத்தவளும் நான். அவள் காதும் தோளும் வெந்து கொப்பளித்தபோது எல்லாரும் அம்மாவைக் குற்றம் சொன்னார்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்தோரு வருடங்கள் ஆகின்றன. இதை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏனென்றால் நீங்கள் என்னை நம்புகிறீர்கள்.

ஆம், நீங்கள்தான்! பென்னாகரத்தில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, புள்ளைக்கு வெயிலுக்குப் போடறதுக்கு எதுங்க நல்லது?" என்று கேட்கிறீர்கள். நான் விளம்பரத்தில் வருவதை எடுத்து நீட்டுவதில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறேன். எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாமல் இருக்கிறதா, யூ.வி.ஏ., யூ.வி.பி. இரண்டையும் தடுக்குமா, வாசனை சேர்க்காததா, ஜிங்க் ஆக்சைடு இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்கிறேன். ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால், "க்ரீம் வேணாங்க, நெழல்லயே வெச்சுக்கோங்க, டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுகிறேன். கடை முதலாளிக்கு அதில் வருத்தம்தான்.

"இந்த ஸ்டெல்லா அக்காவுக்குத்தான் புள்ளைங்க மேல எவ்வளவு அக்கறை!" என்று நீங்கள் சொல்லிக்கொண்டு படியிறங்குவது என் காதில் விழுகிறது. ஒவ்வொரு முறையும் விழுகிறது.

அக்கறையா அது? இல்லை... பயம். நான் செய்ததை நான் மட்டுமே அறிந்திருப்பதால் வந்த பயம்.

ரீட்டா பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவள். முடி, புருவம், இமை மயிர் எல்லாம் வெள்ளை. வெளிச்சத்தில் கண் கூசும். தூரத்தில் வருகிறவர் யார் என்று தெரியாது. வெயில் அவளுக்கு ஆகாது. எனக்கு அவளைவிட ஆறு வயது கூட. நான் நல்ல கறுப்பு. நாங்கள் இருவரும் கைகோத்துத் தெருவில் போனால் நின்று பார்க்காதவர்கள் குறைவு.

அப்பாவும் அம்மாவும் ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை போட்டிருந்தார்கள். பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள்! நான்கு கொம்பு நட்டு மேலே தார்ப்பாய், ஒரு அடுப்பு, ஒரு பெரிய தோசைக்கல், மசாலா தடவிய மீன்களை அடுக்கிய தட்டு. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பென்னாகரத்தில் பஸ் ஏறி நாங்களும் போய்விடுவோம். காட்டுக்குள் வளைந்து வளைந்து பஸ் இறங்கும்போது ரீட்டா என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப கொரங்கு வந்துச்சாக்கா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். குரங்கே இல்லாத வளைவிலும் நான் குரங்கு காட்டுவேன். அவளும் பார்த்துவிட்டதாகச் சொல்வாள்.

எத்தனை நல்ல ஞாயிற்றுக்கிழமைகள் அவை! கல்லில் மீன் விழும் சத்தம், பரிசல்காரர்கள் கூப்பிடும் சத்தம், இரண்டுக்கும் பின்னால் அருவியின் இரைச்சல். பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களை அம்மா, "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க, வாங்க' சொல்லி அழைப்பாள். ரீட்டாவும் அதைக் கற்றுக்கொண்டு, தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாகக் கடை முன்னால் நின்று, "பன்னி, பன்னி!" என்று கத்துவாள். ஃபாரின் பாப்பா கன்னடம் பேசுகிறதே என்று வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். "ஃபாரின் எல்லாம் இல்லீங்க, எம்புள்ளதாங்க" என்று அம்மா சொல்லுவாள். சொல்லும்போது அம்மாவின் முகத்தில் வெட்கமும் இருக்காது, கோபமும் இருக்காது. ஒரு மீன் கூடுதலாக விற்கும்.

எங்களுக்குத் தெரிந்த பரிசல்காரர் ஒருவர் மாலையில் ரீட்டாவை ஏற்றிக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். பரிசல் சுழலும்போது அவள் சிரிக்கும் சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கண் தெளிவாகத் தெரியாதவளுக்கு அந்தச் சுழற்சியும் முகத்தில் தெறிக்கும் தண்ணீரும்தான் ஆறு. வாரம் முழுக்க அதற்காகவே காத்திருப்பாள்.

சன்ஸ்கிரீனைத் தர்மபுரியில் ஒரு தோல் டாக்டரம்மா எழுதித் தந்திருந்தார். வெள்ளைப் பாட்டில், நீல மூடி. பென்னாகரத்தில் அப்போது அது கிடைக்காது. தர்மபுரி போகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கி வர வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆளுக்கென்று வெளியூரிலிருந்து வந்த பொருள் அது ஒன்றுதான்.

காலையில் அம்மா ரீட்டாவைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைப்பாள். நெற்றியில் ஒரு பொட்டு, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று, கன்னத்துக்கு ஒவ்வொன்று. பிறகு மெதுவாகத் தேய்ப்பாள். கடைசியில் காது. ரீட்டா கண்ணை மூடி நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் கதவோரம் நின்று எனக்கு நானே சடை பின்னிக்கொண்டிருப்பேன். எட்டு வயதிலிருந்தே எனக்கு நானேதான் பின்னிக்கொண்டேன்.

கடைக்கு வந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். ஆனால் அம்மாவின் கையெல்லாம் மிளகாய் மசாலா! எத்தனை கழுவினாலும் எரியும். அந்தக் கையால் குழந்தையின் முகத்தைத் தொட முடியுமா? அதனால் பாட்டில் என் கைக்கு வந்தது. "பெரியவளே, நீ பூசி வுடு. காது மறந்துராத" என்பாள் அம்மா.

அப்படித்தான் ஆரம்பித்தது...

முதல் முறை எதற்காக எடுத்தேன்? வெளுக்க வேண்டும் என்றா? நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். பதின்மூன்று வயதுக் கறுத்த பெண், வேறு எதற்கு எடுப்பாள்! அந்த ஆசை கொஞ்சமும் இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதுவல்ல காரணம்.

கடைக்குப் பின்னால் இருந்த பாறையின் நிழலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் ஒன்று, மூக்கில் ஒன்று, தாடையில் ஒன்று என்று அம்மா வைக்கும் வரிசையிலேயே வைத்தேன். மெதுவாகத் தேய்த்தேன். கடைசியில் காது. என் கையை அம்மாவின் கை என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. நன்றாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தேன். பள்ளிக்கூட நாட்களிலும் எடுத்தேன். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை.

அன்றே அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். நாலு திட்டு, முதுகில் ஒரு அடி. அத்தோடு முடிந்திருக்கும்! நானோ தெருமுனைப் பெட்டிக்கடைக்கு ஓடினேன். கைகால் வறட்சிக்குப் பூசுகிற லோஷன் சின்னச் சின்னப் பாக்கெட்டில் தொங்கும் அல்லவா? நான்கு பாக்கெட் வாங்கிவந்து வெட்டி, ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் பிழிந்தேன். அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மூடியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

இரண்டும் ஒன்றல்ல என்று தெரியாமலா செய்தேன்? தெரியும். டாக்டரம்மா சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு நாள்தானே, அடுத்த வாரம் புதுப் பாட்டில் வந்துவிடுமே என்று நினைத்தேன். அதுதான் என் கணக்கு.

மறுநாள் காலை அம்மா பாட்டிலை அழுத்தினாள். தாராளமாக வந்தது. "தீந்துபோயிருக்கும்னு நெனச்சேன், இன்னும் இருக்குதே!" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எப்போதும் எண்ணி எண்ணிப் பொட்டு வைக்கிறவள், அன்று உள்ளங்கை நிறைய ஊற்றிக் கழுத்து, தோள், கை, பாதம் வரைக்கும் வழித்துப் பூசினாள். ரீட்டாவுக்கு அன்று புதுக் கவுன். கை இல்லாத கவுன். க்ரீம்தான் நிறைய இருக்கிறதே என்ற தைரியத்தில் அம்மாவும் அதைப் போடவிட்டாள்.

ஒகேனக்கல்லில் அன்று கால் வைக்க இடமில்லை. வானத்தில் மேகம் இருந்தது. மேகம்தானே என்று தொப்பியையும் கழற்றிவிட்டாள் ரீட்டா. மேகத்துக்குள்ளிருந்தும் அது சுடும் என்று இன்று நான் உங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்கிறேனே... அது அன்று கற்றுக்கொண்டது. தண்ணீரிலும் பாறையிலும் பட்டுத் திரும்பிவந்து சுடும் என்பதும் அன்று கற்றுக்கொண்டதுதான்.

அம்மா அடுப்பைவிட்டு நகர முடியவில்லை. "பூசுனியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். நான் பூசினேன். பத்து மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை. ரீட்டா ஒவ்வொரு முறையும் கரையிலிருந்து ஓடிவந்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றாள். காதைக்கூட மறக்கவில்லை நான்! எதைப் பூசுகிறேன் என்று தெரிந்தே, ஒன்றுக்கும் உதவாத அந்த லோஷனை மூன்று முறை பூசிவிட்டேன்.

மூன்றாவது முறை பூசும்போது அவள் தோள் சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. அப்போதாவது அவளை இழுத்துக்கொண்டு போய்த் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார வைத்திருக்கலாம் அல்லவா? ஏன் செய்யவில்லை? உட்கார வைத்தால் அம்மா ஏன் என்று கேட்பாள். அதனால் அவளைப் பரிசலுக்கு அனுப்பினேன்.

அன்று மாலை பஸ்ஸில் அவள் என் மடியில் உட்காரவில்லை. எங்கே தொட்டாலும் கத்தினாள். விடிந்தபோது தோளிலும் மூக்கிலும் காது மடலிலும் நீர் கோத்துக் கொப்பளங்கள். தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மாவுக்குக் கோபமான கோபம். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அம்மாவைத் திட்டினார். "க்ரீம் போட்டீங்களா இல்லையா? உண்மையச் சொல்லுங்கம்மா!"

"போட்டேங்க மேடம். அன்னைக்குத்தாங்க நல்லா தாராளமா போட்டேன்..."

"தாராளமா போட்டா இப்படி வேகுமா? தொட்டுத் தொட்டு வெச்சிருப்பீங்க. மிச்சம் புடிக்கிற சாமானா இது?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். துணைக்கு ஒரு ஆள் வேண்டும் என்கிற பார்வை. "நீ சொல்லு கண்ணு. கடையில நீயும் பூசுனியில்ல?"

"போட்டேன்" என்றேன்.

பொய்யா அது? இல்லையே! பூசினேனே, மூன்று முறை பூசினேனே... உண்மையையே சொல்லி அம்மாவை மாட்டிவிட்டேன். நான் ஒழுங்காகப் பூசியிருக்கிறேன் என்றால், காலையில் முதலில் பூசியவள்தானே தப்பு செய்திருக்க வேண்டும்? டாக்டரம்மா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். படுக்கையில் கிடந்த ரீட்டாவும் அப்படித்தான் காதில் வாங்கிக்கொண்டாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பாட்டில் தீர்ந்துவிட்டது, கடையிலேயே குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அதுவும் உண்மைதான். பஸ் ஏறுவதற்கு முன்பே மீன் செதில் கொட்டுகிற கூடைக்குள் அதைப் போட்டிருந்தேன்.

கொப்பளங்கள் ஆறின. தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ஆனால் அம்மா மாறிப்போனாள். தன் கை மேலேயே அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. பள்ளிக்கூடம் போகிற நாட்களில் ரீட்டாவின் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல அப்பிவிடுவாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ரீட்டா வழியிலேயே பாவாடையால் துடைத்துக்கொண்டு போவாள். அதுவும் அம்மாவுக்குத் தெரிந்து, அதற்கும் அழுவாள்.

ஆற்றுக்கு ரீட்டாவை அதன் பிறகு ஐந்து வருடம் கூட்டிப்போகவே இல்லை. "வேணாம் சாமி. நம்ம கையில ஒப்படைச்ச புள்ளைய நாமளே வேக வெச்சுட்டு... வேணவே வேணாம்" என்றாள் அம்மா. அப்பாவும் நானும் மட்டும் ஞாயிறுகளில் பஸ் ஏறினோம். அம்மா ரீட்டாவோடு பென்னாகரத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தாள். நாங்கள் திரும்பி வந்ததும் ரீட்டா என் கையை மோந்து பார்ப்பாள். "இன்னைக்குப் பரிசல் எத்தனை சுத்து சுத்துச்சுக்கா?" என்று கேட்பாள். நான் பரிசலில் ஏறவில்லை என்பேன். அவளை விட்டுவிட்டு எனக்கு ஏற மனம் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை! ஒரு வார்த்தை போதுமே... அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஆற்றைத் திருப்பித் தந்திருக்குமே. ஐந்து வருடம் அவளுக்கு ஆறு இல்லை.

ஒரு முறை கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஃபாதரிடம், "தங்கச்சி சாமான் ஒண்ணை எடுத்துட்டேன் சாமி" என்றேன். திருப்பிக் கொடுத்துவிடு, இனி எடுக்காதே என்று சொல்லி, 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்தபோது பாரம் குறையவில்லை. எப்படிக் குறையும்? சாமான் எடுத்ததை மட்டும் சொன்னேன். அம்மாவை அந்த வரிசையின் முன்னால் தனியாக நிற்கவிட்டதைச் சொல்லவில்லையே.

பிறகு நான் மருந்தாளுநர் படிப்புக்குப் போனேன். எல்லாரும் பெருமைப்பட்டார்கள். தங்கைக்காகப் படிக்கிறாள் என்றார்கள். அதுவும் ஒருவகையில் உண்மைதான். என்னைப் பற்றி ஊர் சொல்கிற எல்லாமே இப்படிப் பாதி உண்மையாகத்தான் இருக்கிறது.

ரீட்டா இப்போது தர்மபுரியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது. அனிதா. என் நிறம் அப்படியே! ரீட்டா ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோல் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறாள். அவள் இடது காது மடலில் ஒரு தடிப்பு இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். அன்றைய வெயிலா, வேறு எந்த நாளின் வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது. யாரும் கேட்கவும் இல்லை. நான் மட்டும்தான் அவள் பேசும்போதெல்லாம் அந்தக் காதைப் பார்க்கிறேன்.

போன மாதம் அனிதாவின் பள்ளிக்கூடத்தில் ஒகேனக்கல் டூர் போட்டார்கள். முந்தின நாளே ரீட்டா குழந்தையோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பஸ் பென்னாகரம் வழியாகத்தான் போகும். எங்கள் தெருமுனையில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். "கறுப்புப் புள்ளைக்கு எதுக்குடி க்ரீம்னு எங்க மாமியா கேக்கறாங்கக்கா" என்று சிரித்தாள் ரீட்டா. எந்த நிறத் தோலானாலும் வெயிலில் வேகும், சீக்கிரமா தாமதமா என்பதுதான் வித்தியாசம் என்றேன். கடையிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொண்டுபோயிருந்த டியூபைக் கொடுத்தேன். தண்ணீரில் சட்டென்று போகாதது, வாசனை இல்லாதது. முந்தின நாளே குழந்தையின் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, அரிப்பு ஏதும் வருகிறதா என்றும் பார்த்தாயிற்று.

காலையில் அனிதா தொப்பி, முழுக்கைச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா ஆசையோடு டியூபைக் கையில் எடுத்தாள். கடையை விட்டு எத்தனையோ வருடமாயிற்று. இப்போது அந்தக் கையில் மிளகாயும் இல்லை, மசாலாவும் இல்லை.

"நீ பூசாதம்மா" என்றாள் ரீட்டா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "உன் பூச்சு எப்படின்னு எனக்குத் தெரியாதா? இந்தக் காதைக் கேளு, சொல்லும்."

அம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே டியூபை என் பக்கம் நீட்டினாள்.

"ஆமா கண்ணு, அன்னைக்கு நாந்தான் சரியாப் பூசாம வுட்டுட்டேன். பெரியவளே, நீயே பூசி வுடு. உன் கைதான் நல்ல கை. அன்னைக்கே மூணு தடவ பூசுனவளாச்சே!"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இதைவிட நல்ல நேரம் வருமா? ரீட்டா இருக்கிறாள், அம்மா இருக்கிறாள், நான் இருக்கிறேன். அம்மாவுக்கு வயது அறுபத்தைந்து ஆகிறது. இன்னும் எத்தனை காலத்துக்கு அவள் என் குற்றத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு சிரிப்பாள்? வாயைத் திறந்தேன்...

அனிதா ஓடிவந்து என் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு நுனியை வெளியே நீட்டினாள்.

நெற்றி, மூக்கு, தாடை, கன்னம். எல்லா இடத்திலும் தாராளமாக வைத்து மெதுவாகத் தேய்த்தேன். கழுத்தின் பின்பக்கம், புறங்கை, பாதம். கடைசியில் காது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. உள்ளே பையைக் கட்டிக்கொண்டிருந்த ரீட்டா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அக்கா, போட்டியா?"

அம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்" என்றேன்.